கரை கட்டியாயிற்று, வரத்து எங்கே?

2025 மே 31. மறுநாள் மதுரையில் கட்சிப் பொதுக்குழு. அதற்காக முதல்வர் மு.க.ஸ்டாலின் வருகிறார், ரோடு ஷோவுக்கும் ஏற்பாடாகியிருக்கிறது. வழியில் பந்தல்குடி கால்வாய். பெயரில்தான் கால்வாய், ஓடுவது ஊர்ச் சாக்கடை. அதை முதல்வர் கண்ணில் படாமல் எப்படிக் கடத்துவது? அதிகாரிகள் கண்டுபிடித்த வழி, துணி. ஓரத்தில் கம்பு நட்டு நீளத்துக்கும் துணியைக் கட்டி மறைத்தார்கள். படம் செல்போனில் பரவ, தமிழ்நாடே சிரித்தது. கடைசியில் முதல்வரே அந்தக் கால்வாய்க்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதே ஆண்டு ஜூலையில் தூய்மை நகரங்களின் தரவரிசை வெளியானது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரைக்கு 40வது இடம். இத்தனைக்கும் 2017இல் மீனாட்சியம்மன் கோயிலும் அதன் சுற்றுப்புறமும் நாட்டின் தூய்மையான புகழ்பெற்ற இடங்களில் முதலாவது என்று மத்திய அரசின் விருதைப் பெற்றவை. கோபுரத்தடியில் முதலிடம், ஊரைச் சேர்த்துப் பார்த்தால் கடைசி இடம். இரண்டுக்கும் நடுவே எட்டே ஆண்டு. அந்த எட்டாண்டில்தான் மதுரையைச் சீரமைக்க ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டு வேலையும் நடந்தது.

2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை சேர்ந்தது. சேலம், தஞ்சாவூர், வேலூரும் அதே பட்டியலில் வந்தன. மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி என்று பணம். பெரியார் பஸ் ஸ்டாண்டு இடிக்கப்பட்டுப் புதிதாக எழுந்தது. பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் பல அடுக்கு வாகனக் காப்பகம் வந்தது. சித்திரை வீதிகளில் கல் பாவினார்கள். விளக்குத்தூணும் பத்துத்தூணும் திருமலை நாயக்கர் மகால் சுற்றுப்புறமும் மெருகேறின. தமுக்கத்தில் மாமதுரை அரங்கம் திறக்கப்பட்டது. வைகையின் இரு கரையிலும் 80 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சுவரும் சாலையும் நடைபாதையும் பூங்காவும். 2025 மார்ச் 31ஆம் தேதியோடு ஸ்மார்ட் சிட்டி திட்டமே முடிந்துபோனது. ஆகவே கணக்குப் பார்க்க இதுதான் நேரம்.

கட்டியவை நிற்கின்றன. சுவர் சுவராக இருக்கிறது, கட்டடம் கட்டடமாக இருக்கிறது. ஆனால் கடைவீதிக்குள் சரக்கும் ஆளும் எப்படி வரும், ஆற்றுக்குள் தண்ணீர் எப்படி வரும், அழுக்கு எப்படி வராமல் நிற்கும் என்ற கேள்விகளுக்கு இந்த 1,000 கோடியில் கிடைத்த பதில் மிகக் குறைவு.

கோட்டையை இடித்த கலெக்டர்

மதுரையின் நடுவூரை ஒருவர் புரட்டிப்போடுவது இது முதல்முறை அல்ல. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று அடுக்கடுக்காகப் போகும் வீதிகள் எல்லோருக்கும் தெரியும். மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையே மாதத்தின் பெயர் இல்லாத தெருக்கள் சில இருக்கின்றன: மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. அந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் நாயக்கர் கோட்டையின் மதிலும் அகழியும் இருந்தன.

1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டராக இருந்தவர் ஜான் பிளாக்பர்ன். கோட்டைக்குள் மக்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அகழியில் தேங்கிய நீர் நாறியது, காய்ச்சல் பரவியது. மதிலை இடித்து அகழியைத் தூர்க்கக் கம்பெனி அரசிடம் கைநிறையப் பணம் கிடையாது. பிளாக்பர்ன் ஓர் உபாயம் செய்தார். தன் பங்குக்கு மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த மனை சொந்தம் என்று அறிவித்தார். ஊர்க்காரர்களே கடப்பாரை எடுத்தார்கள். அளந்து கொடுத்தவர் மாரட், மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. இருவர் பெயரும் தெருவில் நிலைத்துவிட்டன. கலெக்டருக்கு ஊர் நன்றியோடு நிறுத்தியதுதான் விளக்குத்தூண். இன்றைக்குப் பலருக்கும் அது தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் இடமாகத்தான் தெரியும். கோட்டையில் மிச்சமிருக்கும் ஒரு துண்டை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம். பெரும்பாலோர் அதைக் கடந்து பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள்.

பிளாக்பர்னைப் புகழ்வது என் வேலையல்ல. வரலாற்றுச் சின்னத்தை இடித்தவர் என்று இன்றைக்கு அவர்மேல் வழக்குப் போட்டிருப்பார்கள். அகழியைத் தூர்த்ததில் ஊருக்கு ஒரு வடிகாலும் போயிற்று. ஆனால் அவர் செய்த வேலையில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இடம் காலியானதும் அங்கே யார் வருவார்கள், எப்படிப் பிழைப்பார்கள் என்ற கேள்விக்கு விடை திட்டத்திலேயே இருந்தது. அதனால்தான் கீழ மாரட் வீதியில் வெங்காய மண்டிகள் இன்றும் மூச்சு முட்ட நடக்கின்றன.

கடையை எடுத்தால் கடைவீதி எங்கே?

மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் வருகிறது, அல்லங்காடியும் வருகிறது. பகலில் ஒரு சந்தை, இரவில் ஒரு சந்தை. தூங்கா நகரம் என்ற பட்டம் சினிமாக்காரர்கள் கொடுத்ததல்ல, மண்டிக்காரர்கள் சம்பாதித்தது. நள்ளிரவு தாண்டி ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து காய்கறி லாரிகள் வந்து இறங்கும். சுமை தூக்குபவர்களுக்கு டீக்கடை விழித்திருக்கும். டீக்கடை விழித்திருப்பதால் இட்லிக்கடை விழித்திருக்கும். கடைசி பஸ்ஸை விட்டவர்களும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

1999இல் வெளியூர் பஸ்கள் மாட்டுத்தாவணிக்குப் போயின. 2010இல் சென்ட்ரல் மார்க்கெட்டும் அங்கேயே போனது. போனது தப்பு என்று சொல்ல மாட்டேன். வடக்கு ஆவணி மூல வீதிப் பக்கம் ஒரு லாரி திரும்பினால் ஊரே நின்ற காலம் அது. ஆனால் மார்க்கெட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த இடத்தில், 15 ஆண்டு கழிந்த பின்னும் ஒரு மழை பெய்தால் முட்டி வரை சேறு. பெயர்த்தெடுத்த இடத்திலோ வாகனக் காப்பகம். காய்கறி வந்த இடத்துக்கு இப்போது கார் வருகிறது. நெரிசலைக் குறைக்க மார்க்கெட்டை வெளியே அனுப்பிவிட்டு, அதே இடத்தில் காருக்கு மாடி கட்டி உள்ளே அழைப்பது என்ன கணக்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஊர் நடுவில் கார் நிறுத்த இடம் கட்டினால், கார் ஊர் நடுவுக்குத்தான் வரும்.

பெரியார் பஸ் ஸ்டாண்டின் கதையும் இதற்குத் தூரமில்லை. 150 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. வேலை நடந்த காலம் முழுக்கப் பயணிகள் வெயிலில் சாலையோரம் நின்றார்கள். 2021 டிசம்பரில் முதல்வர் திறந்துவைத்தார். பஸ் வந்தது, கூடவே கட்டிய அடுக்குமாடி வணிக வளாகம் வெகுகாலம் ஆளில்லாமல் கிடந்தது. வெளியே, ஸ்டாண்டைச் சுற்றி, பூவும் பழமும் கர்ச்சீப்பும் விற்கும் தரைக்கடைகளில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. வாடகைக்குக் கட்டிய கடையில் ஆளில்லை, விரட்டப்படும் கடையில் வியாபாரம் நடக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு சந்தை எப்படிப் பேசும்?

புது மண்டபத்தின் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகக் கட்டியது, 124 தூண்கள். தூணுக்குத் தூண் தையல் மெஷின், நடுவில் பஞ்சாங்கமும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகமும், வளையல், பித்தளைச் செப்புச் சாமான், குங்குமம். நாயக்கரின் சிலை ஒரு தூணில் நிற்க, பக்கத்துத் தூணில் ரவிக்கைத் துணி தொங்கும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் கட்டுபவர்களும் தண்ணீர் பீய்ச்சுபவர்களும் உடுத்தும் ஆடையைத் தைத்துக் கொடுத்தவர்கள் இந்தத் தையல்காரர்கள்தான். அதாவது கடைகள் மண்டபத்துக்கு இடைஞ்சல், திருவிழாவுக்குத் தேவை. ஏறக்குறைய 300 கடைகள்.

2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த கடைகளோடு கல்லும் வெந்து நொறுங்கியது. புதுத் தூண்களுக்கு நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் பக்கமிருந்து கல் எடுக்கவேண்டி வந்தது. அதற்குப் பிறகு கோயிலுக்குள் கடை என்ற பேச்சே எடுக்க முடியாதபடி ஆயிற்று. புது மண்டபத்துக் கடைகள் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின.

மண்டபம் காலியானதை நான் வரவேற்கிறேன். தூணில் ஆணி அடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. தூரத்துக்குத் துரத்தாமல் கூப்பிடு தூரத்திலேயே இடம் கொடுத்ததும் நல்லது. ஆனால் கோயிலுக்கு வந்தவர் போகிற போக்கில் வளையல் பார்ப்பதற்கும், வளையல் பார்க்கவென்றே மாடி ஏறுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நடந்து போகும் கூட்டத்தை நம்பிய வியாபாரத்தை அடுக்குமாடிக்குள் அடைத்தால் கீழ்த்தளம் பிழைக்கும், மேல்தளம் ஈ ஓட்டும். தமிழ்நாட்டில் நகராட்சிகள் கட்டிய எந்த வணிக வளாகத்திலும் ஏறிப் பார்த்தால் இது தெரியும். அப்படியிருந்தும் அடுத்த ஊரில் அதே வரைபடம்தான் போகிறது.

தரைக்கடைகளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம். விற்பனைக் குழு அமைக்கவேண்டும், அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் உட்காரவேண்டும், எங்கே கடை போடலாம் என்று இடம் குறிக்கவேண்டும் என்கிறது. மாசி வீதிகளிலும் விளக்குத்தூணிலும் தீபாவளிக்கு முந்திய நாட்களில் நடக்கும் வியாபாரத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஊரின் பெரிய அங்காடி கூரையில்லாத அங்காடிதான் என்பது தெரியும். ஆயிரம் கோடித் திட்டத்தில் அந்த அங்காடிக்கு முறையான நிழலோ கழிப்பறையோ குடிதண்ணீரோ போதிய அளவில் கிடைக்கவில்லை.

பிட்டுக்குக் கரை கட்டியவர்

இனி ஆற்றுக்குப் போவோம்.

வைகைக் கரை கட்டும் திட்டங்களில் மூத்தது திருவிளையாடல் கதையில் இருக்கிறது. வெள்ளம் உடைத்த கரையை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து அடைக்கச் சொல்கிறான் அரிமர்த்தன பாண்டியன். பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆளில்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டு, வேலை செய்யாமல் தூங்கி, பிரம்படி வாங்குகிறார். ஒப்பந்ததாரர்களுக்குப் பிடித்த கதையாக இருக்கலாம். இன்றும் ஆவணி மூலத்தன்று சுவாமி கோயிலிலிருந்து புறப்பட்டு ஆரப்பாளையம் பக்கமுள்ள புட்டுத்தோப்புக்குப் போய் வருகிறார்.

கதையை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. மதுரையின் பெரிய திருவிழாக்களில் மூன்று தண்ணீரைத் தேடிப் போகின்றன. ஆவணி மூலத்துக்கு ஆற்றங்கரை. தைப்பூசத்துக்கு வண்டியூர்த் தெப்பம். சித்திரைப் பௌர்ணமிக்கு அழகர் மலையிலிருந்து இறங்கி வைகை. நடுவூர் வேறு, ஆறு வேறு என்று இந்த ஊர் ஒருநாளும் நினைத்ததில்லை. கோப்புகளில்தான் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டெண்டர், ஆற்றங்கரைக்கு ஒரு டெண்டர் என்று பிரிந்தன.

வைகை 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு. வருசநாட்டு மலைகளில் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை தாண்டி, ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் போய்ச் சேருகிறது. 1895இல் பென்னிகுவிக்கின் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகைப் படுகைக்கு வந்தது. 1959இல் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை திறக்கப்பட்டது. அதிலிருந்து மதுரைக்குள் ஆறு ஓடுவது என்பது ஷட்டரைத் திறக்கும் அரசாணையைப் பொறுத்தது. சிவகங்கை, ராமநாதபுரம் பாசனத்துக்குத் திறந்தால் ஓடும், அழகருக்குத் திறந்தால் ஓடும், பெருமழை பெய்தால் ஓடும். மற்ற நாட்களில் மதுரை நகருக்குள் வைகையில் ஓடுவது மதுரை நகரம்தான்: அடுப்படித் தண்ணீர், குளியலறைத் தண்ணீர், அதற்கும் மேற்பட்டவை.

பந்தல்குடி போல வடகரையிலும் தென்கரையிலும் வாய்க்கால்கள் பல. மழைநீரையும் கண்மாய் மறுகாலையும் ஆற்றில் சேர்க்க வெட்டியவை அவை. இன்றைக்கு ஆண்டு முழுக்க வற்றாமல் ஓடுகின்றன என்றால் அது நல்ல செய்தியல்ல. தெற்கே கிருதுமால் நதி. நதி என்று இன்னும் வரைபடம் சொல்கிறது. அந்தக் கரையில் வீடிருப்பவர்கள் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். மதுரையில் பாதாளச் சாக்கடை 1924இலேயே தொடங்கியது. அன்றைக்கு அது பெருமை. 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஊர்களின் கழிவு எங்கே போகும் என்ற ஏற்பாடு விரிவுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தது. அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன, முறையே நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டரும் 4.5 கோடி லிட்டரும் கொள்ளளவோடு. நிலையத்துக்குப் போய்ச்சேராத சாக்கடையை அந்த நிலையம் எப்படிச் சுத்தம் செய்யும்?

இந்த நிலைமையில்தான் கரைச்சுவர் எழுந்தது. சுவரால் பலன் இல்லாமல் இல்லை. கரையோரச் சாலை வந்ததால் நகருக்குள் நுழையாமலே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக முடிகிறது. மாலையில் நடப்பவர்கள் நடக்கிறார்கள். குப்பை லாரி கரையிலிருந்து நேராக ஆற்றில் கொட்டுவதும் முன்போல் எளிதில்லை. ஆனால் ஆற்றின் அகலத்தில் கைவைத்துவிட்டார்கள் என்பது ஆறு குறித்துப் பேசுபவர்களின் நெடுநாள் புகார். மணலில் இறங்கும் வழிகளும் குறைந்துவிட்டன. முன்பு எங்கு வேண்டுமானாலும் ஆற்றில் இறங்கலாம், ஏறலாம். 2022 ஏப்ரல் 16 அன்று அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டத்தில் நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள். சுவர்தான் காரணம் என்று ஒரே வரியில் தீர்ப்பெழுத மாட்டேன். பல லட்சம் பேர் ஓர் இரவில் இறங்கும் ஆற்றங்கரையில், இறங்குவதும் ஏறுவதும்தான் முதலில் வரையவேண்டிய கோடு என்று மட்டும் சொல்வேன்.

ஆற்றின் குறுக்கே, ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில், தடுப்பணை கட்டினார்கள். தண்ணீர் தேங்கியது. தேங்கியது என்ன தண்ணீர் என்று ஆகாயத்தாமரை சொல்லிவிட்டது. நல்ல தண்ணீர் ஓடும் நாட்களில் அந்தத் தடுப்பணை ஊருக்கு நிலத்தடி நீர் தரும். மற்ற நாட்களில் சாக்கடையை ஊருக்கு நடுவில் நிறுத்திவைக்கும்.

ஆற்றங்கரை அழகு என்றால் உடனே அகமதாபாத்தின் சபர்மதியைக் காட்டுகிறார்கள். அங்கே கரையோரமாகச் சாக்கடையை மறித்துக் கொண்டுபோகும் குழாய்களைப் பதித்தார்கள். ஆற்றில் நிற்பது நர்மதைக் கால்வாயிலிருந்து வந்த தண்ணீர். கரையில் குடிசை போட்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அகற்றப்பட்டார்கள் என்பது அந்தப் படங்களில் தெரியாது. சியோலில் மேம்பாலச் சாலையை இடித்து 2005இல் செங்கிச்சோன் ஓடையைத் திறந்தார்கள். அதில் ஓடுவதும் ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து இறைக்கும் தண்ணீர். இருவருக்கும் வெளியிலிருந்து கொண்டுவரத் தண்ணீர் இருந்தது. மதுரைக்கு நர்மதை இல்லை. வைகை அணையில் இருப்பதோ குடிதண்ணீருக்கும் கீழ்நாட்டு வயலுக்கும் கணக்குப் போட்டுப் பிரிக்கும் தண்ணீர். ராமநாதபுரத்து விவசாயியின் பங்கை மதுரைக்காரர் நடைப்பயிற்சியின் கண்குளிர்ச்சிக்காகக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

நிலைத்தெப்பம் நீர்த்தெப்பம் ஆனது

அப்படியானால் மதுரையால் என்னதான் முடியும்? விடை கோயிலிலிருந்து இரண்டு மைல் கிழக்கே இருக்கிறது.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் 1645இல் வெட்டினார். ஒரு பக்கம் ஏறத்தாழ ஆயிரம் அடி. மகாலுக்குச் செங்கல் சுட மண் எடுத்த பள்ளம் என்பார்கள். தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலில் உட்கார்ந்திருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். குளத்துக்கு வைகையிலிருந்து வாய்க்கால் உண்டு, பனையூர்க் கால்வாய் வழியாக. ஆறு பெருகினால் குளம் தானே நிறையும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

நம் தலைமுறைக்கு அந்தக் குளம் கிரிக்கெட் மைதானமாகத்தான் தெரியும். வாய்க்காலில் மண், குப்பை, ஆக்கிரமிப்பு. ஆற்றிலும் மணல் அள்ளியதில் தரை இறங்கிப்போய், வாய்க்காலின் தலை மேலே நின்றது. தைப்பூசத்துக்கு மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். அதுவும் முடியாத ஆண்டுகளில் தெப்பத்தைக் காய்ந்த தரையில் நிறுத்தி, சாமியை ஏற்றி, நிலைத்தெப்பம் என்று பெயர் சொல்லித் திருவிழாவை முடித்தார்கள். ஊரே இதற்குப் பழகிவிட்டது.

2019, 2020 வாக்கில் மாநகராட்சி அந்த வாய்க்காலைக் கையில் எடுத்தது. அடைப்பை அகற்றி, தூர்ந்த இடத்தைத் தோண்டி, ஆற்றிலிருந்து குளம்வரை வழியை மீட்டார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தபோது குளத்திலும் வந்தது. அம்மனும் சுவாமியும் நீர்மேல் வலம் வந்தார்கள். ஆண்டு முழுக்கத் தண்ணீர் நின்றதால் சுற்றியுள்ள தெருக்களில் ஆழ்துளைக் கிணறுகளின் மட்டம் ஏறியது. மாலையானால் கூட்டம், கூட்டத்தைத் தேடி வடைக்கடை, பருத்திப்பால், ஜிகர்தண்டா, சுண்டல், பலூன். பிறகு படகும் வந்தது. யாரும் வணிக வளாகம் கட்டவில்லை. தண்ணீர் வந்தது, ஆள் வந்தார்கள், கடை வந்தது. வாய்க்கால் வேலைக்கு ஆன செலவு பெரியார் பஸ் ஸ்டாண்டின் செலவில் ஒரு சிறு துணுக்கு.

மதுரைப் புதுப்பிப்பின் இந்தப் பத்தாண்டில் எனக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் கொடுத்தால், முதல் மதிப்பெண் இதற்குத்தான். கல்வெட்டுப் பதிக்க ஒரு சுவர்கூட இல்லாத வேலை என்பதாலோ என்னவோ, இதே முறையில் அடுத்த குளத்துக்கு, அடுத்த கண்மாய்க்கு என்று யாரும் வரிசையாகப் போகவில்லை. டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் கோயிலின் பெருமாள் தெப்பம் நாற்புறமும் கடைகளால் சூழப்பட்டு, உள்ளே ஒரு குளம் இருப்பதே வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் கிடக்கிறது. ஏழுகடல் தெருவில் ஏழு கடலையும் தருவித்ததாகச் சொன்ன குளம் போய் வணிக வளாகம் வந்து வெகுகாலமாயிற்று.

கண்மாய்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதவேண்டும். இங்கே ஒன்று மட்டும். 2024 அக்டோபர் இறுதியில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி வழிந்து, சுற்றுப்பட்ட தெருக்கள் முழுகின. காரணம் புதிரல்ல. கண்மாயின் மறுகால் வைகைக்குப் போகும் வழி சுருங்கிப்போயிருந்தது. உடனே ஏறத்தாழ 12 கோடி ரூபாயில் சிமென்ட் கால்வாய் கட்ட அரசு பணம் ஒதுக்கியது. வெள்ளம் வந்த பிறகு கிடைக்கும் இந்த 12 கோடி, ஆற்றங்கரைக்கு 80 கோடி ஒதுக்கிய நாளில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வரிசையை மாற்றவேண்டும்

செய்யவேண்டியது என்ன என்பது பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. முதலில் ஆற்றில் விழும் ஒவ்வொரு வாய்க்காலின் வாயிலும் கழிவை மறித்துச் சுத்திகரிப்புக்குத் திருப்பவேண்டும். அதற்கு முன் நூறு வார்டிலும் வீட்டு இணைப்பு முடியவேண்டும். சுத்தம் செய்த தண்ணீரை ஆற்றுக்கே விட்டால், ஆண்டு முழுக்கச் சின்னதாக ஒரு நீரோட்டமாவது மதுரைக்குச் சொந்தமாக இருக்கும், ராமநாதபுரத்தின் பங்கில் கைவைக்காமல். பிறகு கண்மாய்களின் வரத்தும் மறுகாலும். பிறகு ஆற்றில் இறங்கப் படித்துறை. இவ்வளவும் முடிந்த பிறகு பேவர் பிளாக் பதிக்கட்டும், விளக்குப் போடட்டும், செல்ஃபிக்கு எழுத்தும் நடட்டும். நாம் செய்தது தலைகீழ்.

கடைவீதிக்கும் வரிசை இதுதான். மண்டிக்கு இரவில் லாரி வந்துபோகும் நேரமும் சரக்கு இறக்க இடமும் முதலில். தரைக்கடைக்குக் கோடு கிழித்த இடமும் அடையாள அட்டையும் அடுத்து. மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டுக்குத் தரையும் கூரையும் வடிகாலும். கடைசியில், தேவைப்பட்டால், கட்டடம். மாசி வீதிகளில் தேரோடும் நாட்களில் வாகனம் நிற்கிறது, ஊர் நடக்கிறது, வியாபாரமும் நடக்கிறது. அதை மாதத்தில் சில நாட்களாவது சோதித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். ஸ்மார்ட் சிட்டி முடிந்துவிட்டது, உண்மை. ஆனால் வாய்க்கால் தூர்வாரும் பணம் எல்லா ஆண்டும் எல்லா பட்ஜெட்டிலும் இருக்கிறது. மழைக்கு முன் ஒருமுறை ஜேசிபி இறங்கி, அள்ளிய மண்ணைக் கரையிலேயே போட்டுவிட்டு, மழையில் அது திரும்ப உள்ளே போவதும் எல்லா ஆண்டும் நடக்கிறது.

இப்போதிருக்கும் மாமன்றம் 2022 பிப்ரவரித் தேர்தலில் வந்தது. அதன் காலம் 5 ஆண்டு. அடுத்த முறை வாசலுக்கு வந்து கைகூப்பும் வேட்பாளரிடம் புதுக் கட்டடம் எப்போது, பூங்கா எப்போது என்று கேட்காதீர்கள். நம் தெருச் சாக்கடை எந்த வாய்க்காலில் விழுகிறது, அந்த வாய்க்கால் வைகையில் எங்கே சேருகிறது, அதை எந்தத் தேதிக்குள் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.